முதல் மணி நேரத்து உண்மை

கட்டட வேலை நடக்கும் இடங்களில் கியூப் ரிப்போர்ட் என்று ஒரு தாள் இருக்கும். வீடு வாங்க வருகிறவர்கள் டைல்ஸ் என்ன, லிஃப்ட் எந்தக் கம்பெனி, பார்க்கிங் எத்தனை அடி என்றெல்லாம் விசாரிப்பார்கள். இந்தத் தாளைக் கேட்டவர்களை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் குடும்பத்தோடு படுத்துத் தூங்கப்போகும் தளத்தைத் தாங்குகிற தூணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு எழுத்தில் உள்ள முதல் சாட்சி அதுதான். அந்த எழுத்து வேலையில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. வேலையிடத்து நேர்மை என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் மனம் நேராக கியூப் எண்களை எழுதும் ரிஜிஸ்டருக்குத்தான் போகும்.

செய்முறை சிக்கலானதல்ல. தூணுக்கோ தளத்துக்கோ ஊற்றுகிற அதே கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, 150 மில்லிமீட்டர் கனசதுர இரும்பு அச்சில் மூன்று அடுக்காக நிரப்புவோம். ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 35 தடவை குத்த வேண்டும். மறுநாள் அச்சைப் பிரித்து, கட்டியின் மேல் தேதியும் இடமும் எழுதித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவோம். 7ஆம் நாள் மூன்று கட்டிகளையும் 28ஆம் நாள் மூன்று கட்டிகளையும் இயந்திரத்தில் வைத்து நொறுக்குவோம். எம்25 கான்கிரீட் என்றால் 28ஆம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். ஒரு கட்டிக்கு இது 562 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 57 டன் பாரம்.

ஏமாற்றுவதற்கும் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. கியூபுக்கென்று தனியாக ஒரு சட்டியில் சிமென்ட்டைக் கூட்டிப் போட்டுக் கலந்துகொள்கிற சைட்டுகள் உண்டு. தூணுக்குள் போவது ஒன்று, தொட்டிக்குள் போவது வேறு. கட்டியைத் தொடாமலே எண்ணை எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதிய பக்கத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்: 27.8, 28.1, 28.4, மறுபடி 28.1. நிஜமான கான்கிரீட் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஒரே வண்டியில் எடுத்த மூன்று கட்டிகளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கும். சராசரியிலிருந்து 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம் என்று ஐ.எஸ். 456 விதியே சொல்கிறது. அழகான ரிஜிஸ்டரைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

என் முதல் வேலை சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். தரக்கட்டுப்பாட்டில் ஜூனியர் இன்ஜினியர். லேப் என்பது ஒரு தகரக் கொட்டகை: ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் அழுத்தும் இயந்திரம், சல்லடைகள், ஒரு தராசு. அதைப் பார்த்துக்கொண்டவர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. படித்தவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். சைட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டி உடைந்து முள் நின்றதும், நொறுங்கியதை எடுத்துப் போடுவதற்கு முன்பே, கையைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் பேனாவால் எழுதிவிடுவார். பென்சிலை அந்தக் கொட்டகைக்குள் கொண்டுவர விடமாட்டார். எந்த வண்டியின் கான்கிரீட் எந்தத் தூணுக்குள் போனது என்பதையும் டெலிவரி சலானின் எண்ணோடு குறித்து வைப்பார். அவ்வளவு எதற்கு அண்ணே என்று நான் கேட்டதுண்டு. "இருக்கட்டும்மா, எழுதுறதுக்குக் காசா பணமா" என்பார்.

தரைத்தளத்துப் பார்க்கிங் தூண்களுக்கான 28ஆம் நாள் கட்டிகளை ஒரு காலையில் உடைத்தோம். முதல் கட்டி 412 கிலோநியூட்டனில் போய்விட்டது. இரண்டாவது 425. மூன்றாவது 405. வகுத்துப் பார்த்தால் சராசரி 18.4. வேண்டியது 25.

ஏழாம் நாளே எண் குறைவாகத்தான் வந்திருந்தது. ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் ஏறும், 28க்குள் சரியாகிவிடும் என்றார்கள். அதில் பொய்யில்லை, பல தடவை அப்படி ஏறியும் இருக்கிறது. இந்த முறை ஏறவில்லை. அதற்குள் அந்தத் தூண்களின் மேல் இரண்டு தளங்கள் போட்டாகிவிட்டது.

புராஜெக்ட் மேனேஜர் லேபுக்கு வந்தார். அவரைக் கெட்டவராகக் காட்டி எழுத எனக்கு மனமில்லை, அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. சைட்டில் யாருக்காவது அடிபட்டால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர். ஆனால் இந்தத் தொழிலில் பணம் வருகிற விதம் ஒன்று இருக்கிறது. வீடு வாங்கியவர்கள் ஒவ்வொரு தளம் போட்டு முடித்ததும் ஒரு தவணை கட்டுவார்கள். தளம் விழுந்தால்தான் பணம், பணம் வந்தால்தான் கம்பிக்காரருக்கும் சிமென்ட்காரருக்கும் பட்டுவாடா. அடுத்த தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கம்பியும் கட்டிவிட்ட நேரத்தில் 18.4 என்ற எண் வந்து குறுக்கே நின்றால், எந்த மேனேஜருக்கும் இரத்தம் சூடாகும். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

"கியூப் எடுத்தது சரியில்லையோ என்னவோ. வேற செட் வைச்சுப் பார்த்துட்டு எழுதிக்கலாமேம்மா."

வேறு செட் என்றால் வேறு தூணுக்காக எடுத்த கட்டிகள் என்பது அங்கே நின்ற மூவருக்கும் தெரியும். அண்ணன் ரிஜிஸ்டரை மூடவுமில்லை, நகர்த்தவுமில்லை. "மிஷின் சொன்னதை எழுதியாச்சு சார்" என்றார். அவ்வளவுதான் பேசினார். கீழே சோதித்தவர் கையெழுத்து போட்டிருந்தது. பக்கத்தில் சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது என் கட்டம்.

அப்போது எனக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். தூண், தளம், அங்கே குடிவரப்போகும் குழந்தைகள் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. கல்விக்கடன் வந்தது. சேர்ந்து ஆறு மாதம்கூட முடியவில்லை, வேலையை உறுதி செய்து இன்னும் கடிதம் கொடுக்கவில்லை என்பது வந்தது. ஊரில் அப்பா எல்லோரிடமும் மகள் சென்னையில் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருப்பது வந்தது. அண்ணன் எழுதிவிட்டதால் அதை அடித்து எழுத என் கைக்குத் துணிவில்லை, அதனால் கையெழுத்து போட்டேன். அவர் அன்று லீவில் இருந்து, அந்த எண் ஒரு துண்டுத் தாளில் மட்டும் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். என்னை நேர்மையானவள் என்று யாராவது சொன்னால், அந்தப் பாராட்டு பேனாவால் எழுதுகிற ஒரு மனிதருக்குப் போய்ச் சேர வேண்டியது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. ரீபவுண்ட் ஹேமரால் தட்டிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட தூண்களில் துளையிட்டு, கோர் என்கிற உருளைத் துண்டுகளைச் சோதனைக்கு எடுத்தார்கள். எடுக்கிற கோர்களின் சராசரி வலிமை, வேண்டியதில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும்; எந்தத் தனிக் கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எங்களுடையது தேறவில்லை. ஒரு வண்டியில் 6 கன மீட்டர் வரும், அந்த அளவுத் தூண்களில் பத்துப் பதினொன்றை நிரப்பும். எந்தெந்தத் தூண்கள் என்று அண்ணனின் குறிப்பு சொல்லிவிட்டதால் கட்டடம் முழுவதையும் துளை போட்டுப் பார்க்கும் நிலை வரவில்லை. காசா பணமா என்று அவர் எழுதி வைத்ததன் விலை எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கணக்குப் போட்டுப் பார்த்து ஜாக்கெட்டிங் செய்யச் சொன்னார். மேல் தளங்களுக்கு முட்டுக் கொடுத்து, தூணின் மேல்பூச்சைக் கொத்தியெடுத்து, துளையிட்டுக் கம்பிகளைக் கெமிக்கல் வைத்து இறக்கி, சுற்றிலும் 100 மில்லிமீட்டர் கனத்துக்கு மைக்ரோ கான்கிரீட். வேலை பல வாரம் நின்றது. பார்க்கிங்கில் சில இடங்கள் ஒடுங்கிவிட்டன. இன்றும் அங்கே போனால் ஒரு வரிசைத் தூண்கள் மட்டும் பருத்து நிற்கும்.

நான் இதை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கையெழுத்து கிடையாது. ஜாக்கெட்டிங் நடக்கும்போது கேட்ட ஒரு பேச்சு.

கான்கிரீட் ஏன் இப்படி ஆனது என்று ஆளாளுக்குத் துருவிக்கொண்டிருந்தார்கள். பிளான்ட்டில் எடை தவறியதா, மணலில் ஈரமா, கியூரிங் போதவில்லையா. பம்ப் குழாய் பிடிக்கிற ஒரு பையன், செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவன், டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அன்னிக்கு அந்த வண்டி டிராபிக்ல மாட்டி ரொம்ப லேட்டா வந்துது மேடம். கலவை இறுகிப்போயி பம்ப் இழுக்கல. டிரைவர் டிரம்முல தண்ணிய வுட்டாரு. நெறையா."

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"எங்க அஞ்சு பேருக்கும் தெரியுமே."

"ஏண்டா சொல்லல?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் குற்ற உணர்வே இல்லை, என் கேள்விதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. "யாருகிட்ட மேடம் சொல்றது?"

ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. நேரம் கடந்து இறுகியதைத் தண்ணீர் ஊற்றி இளக்கினால் பார்க்க நன்றாகவே இருக்கும், வழவழவென்று ஓடும். சிமென்ட்டுக்குத் தண்ணீர் கூடக் கூட வலிமை இறங்கும் என்பது 1918இலிருந்து புத்தகங்களில் இருக்கிற பாடம். பரீட்சைக்குப் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள் அந்த சைட்டில் பலர் இருந்தோம். வண்டி நின்ற இடத்தில் நாங்கள் யாரும் இல்லை. அங்கே நின்றவர்களுக்குப் பாடம் தெரியாவிட்டாலும் நடந்தது தப்பு என்று தெரிந்திருந்தது.

அந்த முதல் மணி நேரத்தில் ஒருவர் வாய் திறந்திருந்தால் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்போம். ஏறக்குறைய 30,000 ரூபாய்ச் சமாச்சாரம். 28 நாள் கழித்து அதே உண்மை வந்தபோது அதன் விலை பல லட்சம். வராமலே போயிருந்தால் என்ன விலை என்பதைக் கணக்குப் போட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த விலையைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது. 2014 ஜூன் 28ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் நிறைய. அதோடு சேர்த்துக் கட்டிய இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். விசாரணை கமிஷன், வழக்கு எல்லாம் வந்தன. எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஒன்று. ஒரு கட்டடத்தில் எங்கே கம்பி நெருக்கமில்லை, எங்கே கலவை சரியில்லை என்பது முதலில் தெரிவது அதைக் கையால் தொடுகிறவர்களுக்கு. விழுந்தால் அடியில் இருப்பதும் பெரும்பாலும் அவர்களே. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கம்பெனிகளில் நேர்மை பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். நானும் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றை நானே நடத்தியும் இருக்கிறேன். எல்லாவற்றிலும் பேச்சு தனி மனிதரின் துணிச்சலைச் சுற்றியே வரும்: தவறு கண்டால் தட்டிக் கேள், மனசாட்சிக்கு அஞ்சு. கேட்க நன்றாக இருக்கும். செய்யாற்றுப் பையனிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பம்ப் கோஷ்டிக்குச் சம்பளம் எப்படி என்று விசாரித்த பிறகு அறவே வராது. அவர்களுக்கு நாள் கூலி இல்லை, கன மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. வண்டியைத் திருப்பி அனுப்பினால் 6 கன மீட்டர்க் கூலி அவர்கள் கையிலிருந்து போகும். அடுத்த வண்டி வரும் வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கும் காசு கிடையாது. உண்மையைச் சொன்னால் அந்தத் தளத்தில் முதலில் நஷ்டப்படுகிறவன் எல்லோரிலும் ஏழையாக இருக்கிறவன். நாங்களே அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, ஏண்டா சொல்லல என்று அவனைக் கேட்கிறோம்.

துணிச்சல் உள்ளவர்களுக்கு இந்த நாடு என்ன செய்தது என்பதும் எங்கள் துறைக்கு மறக்கவில்லை. சத்யேந்திர துபே கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் ஜார்க்கண்டில் இருந்தபோது அங்கே நடந்த முறைகேடுகளைப் பிரதமருக்குக் கடிதமாக எழுதினார். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொண்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று சி.பி.ஐ. விசாரணை முடித்தது. கொலைக்குக் காரணம் எதுவாயிருந்தாலும், ரகசியமாக வைக்கச் சொன்ன பெயரை ரகசியமாக வைக்கவில்லை என்ற பழி அப்படியே இருக்கிறது. அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியாக, தகவல் தருகிறவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது. அது அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. தனியார் சைட்டில் குழாய் பிடிக்கிறவனுக்கு அதில் இடமில்லை.

ஆகவே நான் என் கைக்கு எட்டிய இடத்தில் ஆரம்பித்தேன். இப்போது சில சைட்டுகளின் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் கேட்டுக்குள் நுழைந்ததும், பம்ப் பக்கம் போவதற்கு முன்பு, சலானில் ஏற்றிய நேரத்தைப் பார்த்து, கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனையை எடுத்துவிட வேண்டும். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, சில நிமிட வேலை. தளத்துக்குப் போன பிறகு வண்டியைத் திருப்புவது கௌரவப் பிரச்சினையாகிவிடும். கேட்டில் திருப்பினால் அது சாதாரண வேலை. இளம் இன்ஜினியர்கள் குறைந்த எண்ணைக் கொண்டுவந்தால் என் முகம் மாறாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். இதைப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கெட்ட செய்தியைக் கேட்டதும் மேலே இருப்பவரின் புருவம் ஒரு தடவை சுருங்கினால் போதும், அடுத்த செய்தி அவருக்கு வராது. "எப்படி இப்படி ஆச்சு" என்று முதலில் கேட்காமல், "எழுதிட்டியாப்பா" என்று கேட்பேன். எழுதியாகிவிட்டால் மீதியைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

போன வருஷம் ஒரு சைட்டில் வடமாநிலத்துப் பையன் ஒருவன், தமிழ் அரைகுறை, சூப்பர்வைசரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, தூணின் கம்பியில் கவர் பிளாக் வைக்காமல் ஷட்டர் அடைத்துவிட்டார்கள் என்று கையைக் கையால் மறைத்துக் காட்டிச் சொன்னான். பிரித்துப் பார்த்தோம், கம்பி ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. 40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டிய இடம். அப்படியே ஊற்றியிருந்தால் சில வருஷத்தில் துரு பிடித்துத் தூணே வெடித்திருக்கும். சொன்னது யார் என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் ரவுண்ட்ஸ் வந்தபோது பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ரிஜிஸ்டரில் பொய் எழுதக் கூடாது என்று சொல்கிற நான் சொன்ன பொய் அது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இன்னும் முடியாமல் கிடப்பது கூலி விஷயம்தான். திருப்பி அனுப்பும் ஒவ்வொரு வண்டிக்கும் பம்ப் கோஷ்டிக்குக் கன மீட்டர்க் கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அதை ரெடிமிக்ஸ் கம்பெனியின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்று லேபர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்டு வருகிறேன். இரண்டு சைட்டுகளில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அங்கே வண்டிகள் திரும்பிப் போவது முதலில் கொஞ்சம் கூடி, பிறகு குறைந்தது. திருப்புவார்கள் என்று தெரிந்ததும் பிளான்ட்டிலேயே நேரம் பார்த்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது சைட்டில், ஆட்கள் கூலிக்காக வேண்டுமென்றே வண்டியைக் குறை சொல்வார்கள் என்று கொள்முதல் பிரிவு தடுக்கிறது. கூம்பு வைத்து அளந்த பிறகுதான் திருப்புகிறோம், ஆள் சொன்னதை மட்டும் வைத்து இல்லை என்று பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த ஒப்பந்தம் தை பிறந்ததும் போடுவார்கள். அதற்குள் அந்த இரண்டு சைட்டுகளின் கியூப் ரிஜிஸ்டரையும் சலான்களையும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் விரித்து வைப்பதாக இருக்கிறேன்.